கேமரா கிளப் ரசனையும் சமகாலக் கலைப் படமும்: அடிக்கடி வரும் கேள்விகள்

கிளப் கூட்டங்களிலும் கண்காட்சி வாசல்களிலும் திரும்பத் திரும்பக் காதில் விழும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். கேள்விகள் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே இருக்கின்றன. முன்பே பதில் வந்திருந்தால் அந்த எண்ணைச் சொல்லிவிட்டு நகர்ந்திருக்கிறோம்.

1. சலூன், அக்செப்டன்ஸ், ஏஎஃப்ஐஏபின்னு பேசிக்கிறாங்க. கிளப்ல புதுசா சேர்ந்தவனுக்குப் புரியற மாதிரி சொல்லுங்க.

சலூன் என்பது கேமரா கிளப்புகள் நடத்தும் படப் போட்டி. 1950-ல் தொடங்கிய எஃப்ஐஏபி என்ற சர்வதேசக் கூட்டமைப்பும் அமெரிக்க ஒளிப்படச் சங்கமான பிஎஸ்ஏவும் இதற்கு விதி வகுத்து அங்கீகாரம் தருகின்றன. இந்தியாவில் 1953 முதல் இயங்கும் ஒளிப்படக் கூட்டமைப்பான எஃப்ஐபி, எஃப்ஐஏபியின் உறுப்பு. கலர், மோனோக்ரோம், நேச்சர், டிராவல் என்று பிரிவுகள் இருக்கும். பெரும்பாலும் ஒரு பிரிவுக்கு 4 படம் அனுப்பலாம். நடுவர்கள் மதிப்பெண் போடுவார்கள். கூட்டுத்தொகை ஓர் எல்லையைத் தாண்டினால் அது அக்செப்டன்ஸ். பல நாடுகளில் சேர்த்த அக்செப்டன்ஸ் கணக்கை வைத்து ஏஎஃப்ஐஏபி, இஎஃப்ஐஏபி போன்ற பட்டங்கள் கிடைக்கும்.

கிளப் என்பது நம் ஊருக்கு நேற்று வந்த பழக்கம் அல்ல. மெட்ராஸ் போட்டோகிராஃபிக் சொசைட்டி 1857-ல் தொடங்கியது. கேமராவைக் கையில் எடுத்த பலருக்கு முதல் பள்ளிக்கூடம் கிளப்தான். அந்த மரியாதையோடுதான் கீழே உள்ள எல்லாவற்றையும் எழுதியிருக்கிறோம்.

2. அப்போ 'கன்டெம்பரரி'ன்னா என்ன? யாருக்கும் புரியாத படமா?

கிளப் ஒரு படத்தைத் தனியாக நிறுத்தி, 'இது நன்றாக எடுக்கப்பட்டிருக்கிறதா?' என்று கேட்கும். சமகாலக் கலையில் வேறு கேள்விகள் வரும்: இதை ஏன் எடுத்தார், எதோடு சேர்த்து வைத்திருக்கிறார், எந்த அளவில் அச்சிட்டு எங்கே மாட்டியிருக்கிறார், இப்படி ஒரு படம் ஏற்கெனவே இருக்கும்போது இன்னொன்று எதற்கு?

இரண்டும் வெவ்வேறு பரீட்சை. ஒன்றின் விடைத்தாளை இன்னொன்றின் பேனாவால் திருத்துவதால்தான் முக்கால்வாசிச் சண்டை வருகிறது. சமகாலப் படம் என்ற பெயரில் சோம்பலான படங்கள் மாட்டப்படுவதும் உண்டு. அவற்றைப் பிரித்தறியும் வழி 10-ஆம் பதிலில் இருக்கிறது.

3. கிளப் போட்டியில ஜெயிக்கிற படமெல்லாம் ஏன் ஒரே மாதிரி இருக்கு?

தீர்ப்பு நடக்கும் விதம்தான் காரணம். சலூனுக்கு ஆயிரக்கணக்கில் படங்கள் வரும். ஒரு படம் திரையில் நிற்பது சில விநாடி. அதற்குள் நடுவர் பொத்தானை அழுத்தியாக வேண்டும். அந்தச் சில விநாடியில் ஜெயிக்கத் தேவையானது ஒரே ஒரு சப்ஜெக்ட், இருட்டான பின்னணி, முகத்தில் மட்டும் வெளிச்சம், ஓரங்களில் எதுவும் கண்ணை இழுக்காமல் இருப்பது. பார்த்ததும் 'ஆஹா' என்று சொல்ல வைக்க வேண்டும். பத்து நிமிடம் பார்த்தால் மெல்ல விரியும் படம் இங்கே தோற்றுத்தான் போகும். நடுவர்மேல் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை.

இரண்டாவது காரணம் பழக்கம். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஒளிப்படத்தைக் கலையாக ஏற்க வைக்க, அதை ஓவியம்போல் ஆக்கப் பாடுபட்டவர்கள் உண்டு. பிக்டோரியலிசம் என்று அதற்குப் பெயர். மென்மையான ஒளி, பனிமூட்டம், உழவர், மீனவர், முதியவர் முகம் எல்லாம் அங்கிருந்து வந்தவை. கலை உலகம் 1920-களிலேயே அதை விட்டு நகரத் தொடங்கியது. கிளப்புகள் அதைப் பத்திரமாக வைத்துக்கொண்டன.

மூன்றாவது, ஜெயித்த படத்தைப் பார்த்து அதே இடத்துக்குக் கிளம்புவது. காசிமேட்டில் விடியற்காலை மீன் கூடை, குலசேகரன்பட்டினம் தசராவில் காளி வேடம், புகை போட்டு மரத்தடியில் ஒளிக்கற்றை. இடத்தில் தவறில்லை. அங்கே போகும்போதே எடுக்க வேண்டிய படம் மனதில் முடிந்துவிடுகிறது, எதிரில் நடப்பது கண்ணில் படுவதில்லை. இழப்பு அதுதான்.

4. ரூல் ஆஃப் தேர்ட்ஸை மீறினாத்தான் கலையா?

இல்லை. ஃப்ரேமை நெடுக்கிலும் குறுக்கிலும் மூன்றாகப் பிரித்து, சப்ஜெக்டை அந்தக் கோடுகளில் வைக்கச் சொல்லும் அந்த விதி, கேமரா பிறக்கும் முன்பே, 1797-ல் ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஆங்கிலேயர் நிலக்காட்சி ஓவியத்துக்காக எழுதிவைத்தது. உதவினால் வைத்துக்கொள்ளுங்கள். சப்ஜெக்டை நட்டநடுவில் வைக்க உங்களிடம் காரணம் இருந்தால் நடுவில் வையுங்கள். வேண்டுமென்றே மீறுவதும் விதிக்குக் கட்டுப்படுவதுதான்.

5. வெறும் ஆத்தங்கரை, புல்லு, மேகம். அது 43 லட்சம் டாலருக்குப் போச்சாமே! அதுல அப்படி என்ன இருக்கு?

ஜெர்மன் ஒளிப்படக் கலைஞர் ஆந்த்ரேயாஸ் குர்ஸ்கி 1999-ல் உருவாக்கிய ரைன் நதிப் படத்தைக் கேட்கிறீர்கள். 2011 நவம்பரில் நியூயார்க் ஏலத்தில் ஒரு பிரதி 43 லட்சம் டாலருக்கு மேல் போனது. விலையை ஒதுக்கி வையுங்கள். அது வாங்குபவர்களின் போட்டி, படத்தின் மதிப்பெண் அல்ல.

படத்தைப் போனில் பார்த்துத் தீர்ப்பு சொல்வதுதான் முதல் தவறு. அசல் மூன்றரை மீட்டர் அகலம். போன் திரையில் 7 சென்டிமீட்டர், அதாவது ஐம்பதில் ஒரு பங்கு. எதிரில் நின்றால் புல், தார்ச்சாலை, புல், நீர், புல், வானம் என்று பட்டை பட்டையாக ஓடும் கோடுகள் உங்கள் பார்வையின் இரு எல்லையையும் தாண்டிப் போகும். அங்கே ஆற்றின் அழகைக் காட்டுவது அவர் நோக்கமாக இல்லை. ஐரோப்பியக் கவிதையும் ஓவியமும் கொண்டாடிய ஒரு நதி, இன்று அளவெடுத்துக் கட்டிய வாய்க்கால்போல் கிடக்கிறது. அதை அவ்வளவு பெரிதாக, அவ்வளவு அமைதியாக முன்னால் வைக்கிறார். பிடிக்காமல் போகலாம். ஆனால் 'ஒன்றுமில்லை' என்பது சரியான விவரிப்பு அல்ல.

6. அவர் எதிர்க்கரை கட்டடத்தையும் ஆட்களையும் கம்ப்யூட்டர்ல அழிச்சிருக்காராமே. நாங்க நேச்சர் பிரிவுல ஒரு குச்சியை அழிச்சாலே தகுதி நீக்கம். இது என்ன நியாயம்?

அழித்தார், அதை மறைக்கவும் இல்லை. எங்கே என்ன வாக்குறுதி கொடுத்திருக்கிறீர்கள் என்பதுதான் கேள்வி. நேச்சர் பிரிவு பார்ப்பவருக்கு ஓர் உறுதி தருகிறது: இந்தப் பறவையும் கிளையும் அந்த நொடியில் இப்படியே இருந்தன. எஃப்ஐஏபி, பிஎஸ்ஏ, பிரிட்டனின் ராயல் ஒளிப்படச் சங்கமான ஆர்பிஎஸ் மூன்றும் சேர்ந்து வகுத்த விதிப்படி கிராப் செய்யலாம், தூசு எடுக்கலாம். எதையும் சேர்க்கவோ அழிக்கவோ கூடாது. பத்திரிகைப் படத்துக்கும் கிட்டத்தட்ட இதே உறுதி உண்டு. குர்ஸ்கி அப்படி எந்த உறுதியும் தரவில்லை. கனடாக் கலைஞர் ஜெஃப் வால் 1993-ல் காற்றில் தாள்கள் பறக்கும் ஒரே காட்சியை நூற்றுக்கும் மேற்பட்ட படங்களிலிருந்து இணைத்தார். ஓவியர் சித்திரம் அமைப்பதுபோல் அமைத்த படம் அது.

ஏஐக்கும் இதே அளவுகோல்தான். 2023-ல் போரிஸ் எல்டாக்சன் என்ற ஜெர்மானியர், உலகறிந்த ஒரு போட்டியில் தன் படத்துக்குக் கிடைத்த பரிசை, அது ஏஐ உருவாக்கியது என்று அறிவித்து மறுத்தார். ஏஐயால் செய்ததை ஏஐ என்று சொல்லிக் காட்டுங்கள். எடுத்த படம் என்று காட்டினால் அது பொய்.

7. 'சீரிஸா கொண்டு வா'ங்கறாங்க. நல்ல படம் பத்து சேர்த்தா சீரிஸ்தானே?

அது ஆல்பம். சீரிஸில் ஒரு படம் அடுத்த படத்தைப் பார்க்கும் விதத்தை மாற்ற வேண்டும்.

ஜெர்மன் ஒளிப்படக் கலைஞர்களான பெர்ன்ட், ஹில்லா பெக்கர் தம்பதியை எடுத்துக்கொள்ளுங்கள். 1959 முதல் நீர்த்தொட்டிக் கோபுரங்கள், சுரங்கக் கோபுரங்கள், உலைகள் என்று பல பத்தாண்டுகள் எடுத்தார்கள். பெரிய பிளேட் கேமரா, மேகம் மூடிய வானம், கட்டடத்தின் பாதி உயரத்திலிருந்து நேர்ப்பார்வை. பிறகு 9, 12, 15 என்று கட்டம் கட்டி மாட்டினார்கள். தனியாக ஒரு படத்தைச் சலூனுக்கு அனுப்பினால் 'சப்ஜெக்டில் உயிர் இல்லை' என்று வெளியே வரும். ஒன்பதைச் சேர்த்துப் பார்க்கும்போது கண் தானாக ஒப்பிடத் தொடங்குகிறது. இதற்கு நாலு கால், அதற்கு ஆறு. இது குடை, அது குடம். எடுத்தவர் ஒரு சொல்லும் சொல்லாமல் நீங்களே கண்டுபிடிக்கிறீர்கள்.

மேல்நாட்டு மோகம் என்று இதை ஒதுக்குபவர்கள் தஞ்சாவூரை நினைத்துப் பார்க்கலாம். 1858-ல் லினேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேய ஒளிப்படக்காரர் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டுகளை, சுவரை ஒட்டியே பகுதி பகுதியாக எடுத்து, 21 அச்சுகளை ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளச் சுருளாக்கினார். ஆவணத்துக்காகச் செய்தது. ஆனாலும் ஒரு படத்தால் முடியாததைப் பல படங்களின் வரிசை செய்யும் என்பதற்கு அதைவிடப் பக்கத்தில் சான்று இல்லை.

8. சரி, நானும் அப்படி ஒண்ணு முயற்சி பண்றேன். எங்கே ஆரம்பிக்க?

பஞ்சாயத்து மேல்நிலை நீர்த்தொட்டி நல்ல பாடம். ஊருக்கு ஒன்றாவது இருக்கும், ஓடிப் போகாது. தொட்டியின் வயிற்றில் கொள்ளளவு 30,000 லிட்டர், 60,000 லிட்டர் என்றும், திட்டத்தின் பெயர், ஆண்டு, மதிப்பீட்டுத் தொகை என்றும் எழுதியிருப்பார்கள். சில இடங்களில் பழைய எழுத்து புதிய சுண்ணாம்புக்கு அடியில் நிழலாகத் தெரியும்.

முழு ஃப்ரேம் கேமராவில் 50 மி.மீ. லென்ஸ், செங்குத்தாக, டிரைபாடில். எஃப் 8 அல்லது எஃப் 11, ஐஎஸ்ஓ 100. வெளிச்சத்துக்கு ஐப்பசி, கார்த்திகை மேகமூட்டம் சிறந்தது. மற்ற மாதங்களில் சூரியன் எழும் முன் உள்ள கால் மணி நேரம். கேமராவை அண்ணாந்து சாய்த்தால் தொட்டி பின்னால் விழுவதுபோல் கோடுகள் மேலே குவியும். தரையில் நின்று கேமராவை மட்டமாக வைத்தே 15 மீட்டர் தொட்டியை அடக்க ஏறத்தாழ 40 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், ஃப்ரேமின் கீழ்ப்பாதியை வெட்டியாக வேண்டும். எதிரில் இரண்டு மாடி வீடு இருந்தால் அனுமதி கேட்டு ஏறுங்கள். ஏழரை மீட்டர் உயரத்திலிருந்து 22 மீட்டர் தூரமே போதும், எதையும் வெட்ட வேண்டாம்.

சொதப்புவது பெரும்பாலும் மூன்று இடங்களில். ஒரு நாள் வெயிலிலும் மறுநாள் மேகத்திலும் எடுப்பது. கட்டத்தில் வைத்தால் தொட்டிக்குப் பதில் நிழல்தான் கண்ணை இழுக்கும். ஃப்ரேமுக்குள் தொட்டியின் உயரம் படத்துக்குப் படம் மாறுவது. முதல் படத்தில் மேலே எவ்வளவு வானம் விட்டீர்கள் என்று குறித்து, அதையே கடைசிவரை பிடியுங்கள். ஐந்தாவது தொட்டியில் அலுத்துப்போய் ஓர் ஆட்டையோ சைக்கிளையோ 'உயிருக்காக' நுழைப்பது. அங்கேதான் கிளப் பழக்கம் எட்டிப் பார்க்கிறது. 30 தொட்டி எடுத்து 9 தேர்ந்தெடுங்கள்.

9. என்கிட்ட 400 படம் இருக்கு. எதை வைக்கறது, எதைத் தள்றது?

திரையில் செய்யாதீர்கள். 60 முதல் 80 படங்களை ஸ்டூடியோவில் 4க்கு 6 அங்குல அச்சாகப் போட்டுத் தரையில் பரப்புங்கள். ஒரே விஷயத்தைச் சொல்லும் இரண்டில் ஒன்றை நீக்குங்கள். ஒரு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். 15 முதல் 20-க்குள் வரும்வரை தொடருங்கள்.

கடினமான பகுதி, மெடல் வாங்கின படத்தை வெளியே எடுப்பது. தனியாக மின்னும் படம் வரிசையில் உட்காராது, பக்கத்துப் படங்களை அணைத்துவிடும். ஒளிப்படக் கலைஞர் ராபர்ட் ஃபிராங்க் அமெரிக்கா முழுதும் சுற்றி 767 ரோல், சுமார் 27,000 ஃப்ரேம் எடுத்தார். 'தி அமெரிக்கன்ஸ்' புத்தகத்தில் வைத்தது 83.

10. மங்கல், கிரெயின், சாய்ஞ்ச ஹொரைசன். தெரியாம எடுத்ததா, வேணும்னே எடுத்ததான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

இருபது படத்தையும் வரிசையாகப் பாருங்கள். குறை தற்செயல் என்றால் அங்கங்கே சிதறிக் கிடக்கும், காரணம் இருக்காது. தீர்மானம் என்றால் திரும்பத் திரும்ப வரும், விஷயத்தோடு ஒட்டும். இன்னொரு சோதனை: மனதுக்குள் அந்தப் படத்தைக் கூர்மையாக்கி, நேராக நிமிர்த்திப் பாருங்கள். எதுவும் குறையவில்லை என்றால் அந்த மங்கல் வெறும் அலங்காரம்.

9-இல் சொன்ன ஃபிராங்கின் புத்தகம் 1959-ல் அமெரிக்காவில் வந்தபோது, அங்கத்திய ஒளிப்பட இதழ்கள் இதே குறைகளைச் சொல்லித்தான் கடுமையாகத் தாக்கின. அவசரமாகக் கடந்துபோகும் ஒருவரின் பார்வையில் அந்த நாட்டின் தனிமை தெரிய, அந்தக் கிரெயினும் சாய்வும் தேவைப்பட்டன என்பது மெல்லத்தான் பிடிபட்டது.

11. ஸ்டேட்மென்ட் எழுதச் சொல்றாங்க. படம் தானா பேசாதா?

ஸ்டேட்மென்ட் என்பது படங்களோடு வைக்கும் சிறு விளக்கக் குறிப்பு. படம் எல்லாவற்றையும் பேசாது. எங்கே, எப்போது, யார் என்பதை எழுத்துதான் சொல்ல முடியும். தமிழில் 100 முதல் 150 சொல் போதும்.

'இருத்தலின் வெறுமையையும் காலத்தின் ஓட்டத்தையும் ஆராயும் படைப்பு' என்று எழுதினால் அது எந்தப் படத்துக்கும் பொருந்தும், எதற்கும் உதவாது. இப்படி எழுதலாம்: 'என் ஊரைச் சுற்றி 20 கிலோமீட்டருக்குள் இருக்கும் குடிநீர்த் தொட்டிகள். எல்லாம் மேகமூட்டமான காலைகளில், தொட்டியின் பாதி உயரத்திலிருந்து எடுத்தவை. தொட்டியில் எழுதியிருக்கும் ஆண்டுதான் ஒவ்வொரு படத்துக்கும் தலைப்பு.' செய்ததைச் சொல்லுங்கள். அர்த்தத்தைப் பார்ப்பவர் எடுத்துக்கொள்வார்.

12. கேலரிக்குன்னா பிரிண்ட் வேற மாதிரி போடணுமா?

ஆமாம். சலூன் பழக்கத்தில் படத்தைச் சுற்றி மெல்லிய வெள்ளைக் கோடு போட்டிருப்பீர்கள், அதை எடுத்துவிடுங்கள். ஓரத்தை இருட்டாக்கியிருந்தால், ஷார்ப்னஸ் ஏற்றியிருந்தால், கேமரா பதிந்த மூல ரா ஃபைலிலிருந்து மறுபடி தொடங்குங்கள். திரைக்கு ஏற்றிய ஷார்ப்னஸ் காகிதத்தில் வெள்ளை விளிம்பாகத் தெரியும்.

24 மெகாபிக்சல் படம் 300 பிபிஐயில் (அங்குலத்துக்கு 300 பிக்சல்) 20க்கு 13 அங்குலம் வரும். 200 பிபிஐயில் 30க்கு 20, அதுவும் சுவரில் நன்றாகவே நிற்கும். 300 கிராம் அளவிலான பருத்திக் காகிதம், பிக்மென்ட் மை. பிரிண்ட் இருட்டாக வந்தால் பெரும்பாலும் குற்றவாளி மானிட்டர். வெளிச்சத்தைக் குறைத்து, முதலில் ஒரு கைப்பிடி அகலத் துண்டை மட்டும் அச்சிட்டுப் பாருங்கள். படத்தின் மையம் தரையிலிருந்து 145 முதல் 150 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கட்டும். எடிஷன் 5, அதாவது மொத்தம் 5 பிரதி மட்டுமே என்று அறிவித்தால் அதே அளவில் ஆறாவது பிரதியை விற்கக் கூடாது.

13. வயசான முகம், நடைபாதையில தூங்கறவர்... இதை கிளப்ல எடுத்தா 'டச்சிங்'கறாங்க, கலைக்காரங்க 'சுரண்டல்'ங்கறாங்க. எது சரி?

கேட்டுப் பார்க்க வேண்டியது: படத்தில் இருப்பவருக்கு ஊர், பெயர், வேலை உண்டா, அல்லது 'வறுமை', 'முதுமை' என்ற தலைப்புக்கு அவர் வேடம் மட்டும்தானா? காசு கொடுத்து ஒரே முதியவரைப் பீடி பிடிக்க வைத்து, பத்துப் பேர் வரிசையில் நின்று எடுக்கும்போது விடை தெரிந்துவிடுகிறது.

மாற்று வழி கண்ணெதிரே இருக்கிறது. ஒளிப்படக்காரர் எம். பழனிக்குமார் கழிவுகளை அகற்றும் தொழிலாளர்களையும், குழியில் இறந்தவர்களின் குடும்பங்களையும் ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து எடுத்தார். உழைக்கும் குடும்பத்துப் பிள்ளைகளின் கையிலேயே கேமராவைக் கொடுத்துக் கற்றும் தருகிறார். வாடிப்பட்டியைச் சேர்ந்த ஒளிப்படக்காரர் ஜெய்சிங் நாகேஸ்வரன் ஊரடங்கில் தன் வீட்டையும் குடும்பத்தையுமே எடுத்தார். இருவரிடமும் ஒளியும் ஃப்ரேமும் எந்த கிளப் நடுவரையும் திருப்திப்படுத்தும். கூடுதலாக இருப்பது, எடுப்பவர் திரும்பவும் அந்த வாசலுக்குப் போய் நிற்க முடியும் என்பது.

14. நம்ம பக்கம் இதையெல்லாம் எங்கே நேர்ல பார்க்கலாம்?

2016-ல் தொடங்கிய ஒளிப்படத் திருவிழாவான சென்னை போட்டோ பினாலேயைத் தவறவிடாதீர்கள். அதன் 2019 பதிப்பைக் கலைஞர் புஷ்பமாலா என். வழிநடத்தினார், எழும்பூர் கவின் கலைக் கல்லூரியிலும் சென்னைப் பல்கலைக்கழக செனட் ஹவுஸிலும் படங்கள் வைக்கப்பட்டன. ஒளிப்படக்காரர் கிளேர் ஆர்னியோடு சேர்ந்து 2000 முதல் 2004 வரை புஷ்பமாலா செய்த 'தென்னிந்தியப் பெண்கள்' வரிசை கிளப் உறுப்பினர்கள் அவசியம் பார்க்க வேண்டியது. ரவி வர்மாவின் லட்சுமியாக, ஆங்கிலேயர் அளவெடுக்க நிறுத்திய பழங்குடிப் பெண்ணாக அவரே வேடமிட்டு நிற்கிறார். கட்டம் போட்ட திரைக்கு முன் நிற்கும் அந்த உடலைப் பார்த்த பிறகு, 'பழங்குடி முகம்' என்று நாம் எடுக்கும் குளோஸப் முன்போல் இருக்காது.

ஒளிப்படக் கலைஞர் தயானிதா சிங்கின் படங்கள் எங்காவது வந்தால் போய்ப் பாருங்கள். மரச் சட்டங்களில் படங்களை மாற்றி மாற்றி அடுக்குவார். வரிசை மாறினால் அர்த்தம் மாறுவது கண்ணெதிரே நடக்கும்.

15. கிளப்பை விட்டுடணுமா? கத்துக்கிட்டதெல்லாம் வீணா?

விட வேண்டாம். ஹிஸ்டோகிராம் என்ற வெளிச்ச வரைபடத்தைப் பார்ப்பது, மானிட்டரைச் சரிசெய்வது, ஓரங்களைக் கவனிப்பது, விமர்சனத்தைப் பொறுத்துக்கொள்வது எல்லாம் கிளப் தந்தவை. 8-ஆம் பதிலில் உள்ள தொட்டிப் பயிற்சியை முறையாக முடிக்க கிளப்காரருக்குத்தான் கை பழகியிருக்கும். மாதத்தில் ஒரு கூட்டத்தை மதிப்பெண் இல்லாமல் நடத்தச் சொல்லுங்கள். ஒருவர் 12 அச்சுகளை மேசையில் பரப்ப, மற்றவர்கள் முதல் பத்து நிமிடம் பேசாமல் பார்க்கட்டும். பிறகு 'பிடித்தது, பிடிக்கவில்லை' என்ற சொற்கள் இல்லாமல் பேசட்டும்.

16. ஒரே படத்தை சலூனுக்கும் கேலரிக்கும் அனுப்பலாமா?

விதிப்படி பெரும்பாலும் தடையில்லை. அந்தந்த அழைப்பில் 'முன்பு வெளியாகாதது' என்ற நிபந்தனை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். நடைமுறையில் இரண்டு ஃபைல் வைத்துக்கொள்ளுங்கள். சலூனுக்குத் திரை அளவில், விதிக்குள் அடங்கிய ஒன்று. கேலரிக்கு ஓரக் கோடும் கூடுதல் கான்ட்ராஸ்டும் இல்லாத ஒன்று. 'தாய்மை', 'தனிமை' என்ற தலைப்பைக் கேலரிப் பிரதியில் எடுத்துவிட்டு ஊரையும் ஆண்டையும் போடுங்கள். போர்ட்ஃபோலியோ பிடிஎஃப் 10 எம்பிக்குள், பக்கத்துக்கு ஒரு படம், 15 முதல் 20 பக்கம். மெடல் பட்டியலைச் சுயவிவரத்தில் ஒரே வரியில் சொன்னால் போதும், படத்தின் கீழே போட வேண்டாம்.